மேலே எழுத வேண்டிய எண்

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதையை என் அக்காவைக் கிண்டல் செய்யத்தான் தொடங்கினேன். ஆறாம் வகுப்புக்குக் கணக்கு எடுப்பவள். முதல் கணக்கைத் தானே போட்டுக் காட்டுவாள், அடுத்ததைப் பிள்ளைகளோடு சேர்ந்து போடுவாள், மூன்றாவதை அவர்களிடம் விட்டுவிடுவாள். விரலைச் சொடுக்கினால் வகுப்பே ஒரே குரலில் விடை சொல்லும். 'கிளிப்பிள்ளைகள்' என்று தலைப்பிட்டு முதல் வரியும் எழுதினேன்: சாக்பீஸ் தூளில் சுதந்திரம் மூச்சுத் திணறிக்கொண்டிருந்த ஒரு காலை…

(வேண்டாம். அந்த வகுப்பை நான் பார்த்ததே இல்லை.)

2

பார்க்கப் போனேன். கடைசி பெஞ்சில் இடம் கிடைத்தது. பக்கத்தில் ஒரு சிறுமி. குரலே வராததால் வகுப்பில் அவளுக்குப் பட்டப்பெயர் 'குயில்'. பின்னம் வரவில்லை என்று அவளை மறுபடி ஐந்தாம் வகுப்பில் உட்காரவைக்கத் தலைமை ஆசிரியர் முடிவு செய்திருந்தார். அக்கா மன்றாடி இரண்டு வாரம் வாங்கியிருந்தாள். அன்று கடைசி நாள்.

(குயிலின் வீட்டுக் கஷ்டத்தைப் பற்றி ஒரு பத்தி எழுதி அடித்துவிட்டேன். அவளுக்கு இருந்த ஒரே கஷ்டம் பின்னம்.)

3

அரையோடு மூன்றில் ஒன்று. சொடுக்கு. வகுப்பு முழங்கியது. அக்கா நிமிர்ந்து பார்த்தாள்.

"கடைசி பெஞ்சுல ரெண்டு குரல் குறையுது."

குயில் உதட்டை மட்டும் அசைத்திருந்தாள். இன்னொருவன் நான். எட்டுப் புத்தகம் எழுதியவன். சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும்? மேலே இருப்பதை மேலேயும் கீழே இருப்பதைக் கீழேயும் கூட்டி, இருவருமே ஐந்தில் இரண்டு என்று வைத்திருந்தோம். வெட்கம் பிடுங்கித் தின்றது.

திட்டுவாள் என்று காத்திருந்தேன். அவள் பலகையைத் துடைத்தாள்.

"உங்களுக்கு வரலன்னா, நான் சொல்லிக்கொடுத்தது பத்தலன்னு அர்த்தம். முதல்லேருந்து வரேன்."

கிண்டல் கதை அங்கேயே செத்தது. அவளுக்குத் தம்பியாகப் பிறந்ததில் அவ்வளவு பெருமையாக இருந்தது.

4

முதலில் முடிவை அந்தரத்தில் விட்டிருந்தேன்: 'குயில் பலகையை நோக்கி நடந்தாள்.' அக்கா படித்துவிட்டுத் தாள்களைத் திருப்பித் தந்தாள்.

"ஊகிக்க விடாதடா. ஏற்கெனவே தெரிஞ்சவன் தப்பிச்சுக்குவான், தெரியாதவன் மாட்டிக்குவான். முதல்ல போட்டுக் காட்டு."

கதை என்றால் என்னவென்று இவளுக்குத் தெரியுமா என்று முணுமுணுத்தேன். ஆனாலும் கட்டுப்படுகிறேன்.

நான்: அரையோடு மூன்றில் ஒன்று. இரண்டையும் மூன்றையும் பெருக்கினால் ஆறு, அது கீழே. அரை என்பது ஆறில் மூன்று. மூன்றில் ஒன்று என்பது ஆறில் இரண்டு. ஆக, ஆறில் ஐந்து.

நாம்: அரையோடு ஐந்தில் ஒன்று. கீழே பத்து. அரை என்பது பத்தில் ஐந்து, மற்றது பத்தில் இரண்டு. சேர்ந்து சொல்வோம்: பத்தில் ஏழு.

(ஒரு குரல் குறைகிறது. உங்களைத்தான்.)

5

நீங்கள்: பலகையில் மூன்றில் ஒன்றோடு ஐந்தில் ஒன்று. குயில் கோடு போட்டு, கீழே பதினைந்து எழுதிவிட்டாள். வாசலில் தலைமை ஆசிரியர் நிற்கிறார். அக்கா சொடுக்காமல் காத்திருக்கிறாள். மேலே காலியாக இருக்கிறது.

குயில் சரியான எண்ணை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே எழுதினாள். கடைசி பெஞ்சுவரை கேட்டது. அவள் ஆறாம் வகுப்பிலேயே இருக்கட்டும் என்று தலைமை ஆசிரியர் தலையசைத்தார். நானும் கூடவே சொன்னேன். அதை இங்கே எழுத மாட்டேன். பென்சிலை எடுங்கள்.

வரவில்லையா? தப்பு உங்களுடையது இல்லை. முதலிலிருந்து வருகிறேன்.