பதிமூன்று நாள் பிரதமரும் நான்கு வருடத் தலைமையாசிரியரும்

ஒரத்தநாட்டுக்குத் தெற்கே உள்ள அந்த உதவிபெறும் உயர்நிலைப்பள்ளிக்கு நான்கு வருடம் இரண்டு மாதமாக மருதையன்தான் தலைமையாசிரியர். அப்படிச் சொன்னாலும் தப்பு. தலைமையாசிரியர் (பொறுப்பு). முன்பிருந்தவர் ஓய்வு பெற்றதும், யார் மூத்தவர் என்று இரண்டு ஆசிரியர்கள் நீதிமன்றத்துக்குப் போனார்கள். மூன்றாமவரான மருதையனிடம் சாவிக்கொத்தைக் கொடுத்து 'தற்காலிகமாக' என்றார்கள். வழக்குப் போட்ட இருவரும் இப்போது ஓய்வு பெற்றுவிட்டார்கள். வழக்கு மட்டும் இன்னும் பணியில் இருக்கிறது.

வருகிற மே மாதக் கடைசியில் மருதையனும் போகிறார். அவருக்கு வேண்டியது ஒன்றே ஒன்று. பள்ளி மண்டபத்தில் ஒரு கறுப்புப் பலகை உண்டு. இதுவரை இருந்த தலைமையாசிரியர்களின் பெயரும் வருடமும் வெள்ளை எழுத்தில். பதினோரு பெயர்கள். பன்னிரண்டாவதாகத் தன் பெயர் வர வேண்டும். அந்தப் பலகையில் ஆறாவதாக இருக்கிறவரின் வயலில்தான் மருதையனின் அப்பா ஏர் ஓட்டினார். இதை மருதையன் யாரிடமும் சொன்னதில்லை. அவர் மனைவி அம்சம் யாரிடமும் சொல்லாமல் விட்டதில்லை.

ஆண்டு விழாவை முன்னிட்டுப் பலகைக்குப் புது வண்ணம் பூச, பழைய மாணவனான பெயிண்டர் பகலவன் வந்திருந்தான். பெயரைச் சேர்க்க அனுமதி கேட்டு மருதையன் தாளாளருக்கு இரண்டு கடிதம் எழுதியிருந்தார். முதலாவதற்கு 'பரிசீலிக்கப்படும்' என்று பதில் வந்தது. இரண்டாவதற்குத் தாளாளரே வந்துவிட்டார்.

தாளாளர் ஹரிஹரசுப்ரமணியன் ஓய்வுபெற்ற பொறியாளர், தஞ்சாவூரில் வாசம். காரை விட்டு இறங்கும்போதே ஏதோ மாநாட்டைத் தொடங்கி வைப்பவர் போல இறங்குவார். வழியெல்லாம் ஊர்க்காரர்கள் வண்டிச் சக்கரம் ஏறி மணி உதிரட்டும் என்று சாலையில் உளுந்துச் செடியைப் பரப்பி வைத்திருந்ததில் அவருக்கு அரை மணி நேரம் தாமதம். பரப்பியதே மருதையன்தான் என்பது போல ஒரு பார்வை பார்த்தார்.

"ரூல்னா ரூல்தான் சார். பொறுப்புங்கறது வேற, பதவிங்கறது வேற. இன்னிக்கு உங்களை எழுதினா, நாளைக்கு லீவுக்குப் பதிலா வந்தவங்கல்லாம் வரிசைல நிப்பாங்க."

நான்கு வருடமாக நெஞ்சுக்குள் நடத்திக்கொண்டிருந்த பாடத்தை மருதையன் அப்போதுதான் வெளியே எடுத்தார். தாளாளரை எதிர்ச் சுவருக்கு அழைத்துப் போனார். அங்கே இந்தியப் பிரதமர்கள் எல்லோரும் கண்ணாடிச் சட்டத்துக்குள் கட்டம் கட்டமாக இருந்தார்கள். பள்ளிக்குத் தாளாளர் செய்த அன்பளிப்பு அது. கீழே அன்பளித்தவர் பெயர், எந்தப் பிரதமரின் பெயரைவிடவும் பெரிய எழுத்தில்.

"நேரு காலமானதும் குல்சாரிலால் நந்தா, சார். பதிமூணு நாள். சாஸ்திரி காலமானதும் மறுபடியும் இவருதான். அப்பவும் பதிமூணு நாள். ரெண்டு தடவையும் படம் போட்டிருக்கு. நீங்க குடுத்த படந்தான்."

அதோடு நிறுத்தியிருக்கலாம். முப்பத்தோரு வருடம் சமூக அறிவியல் நடத்திய வாய் நிற்கவில்லை. அரசியல் சட்டத்தில் பொறுப்புப் பிரதமர் என்று ஒரு பதவியே கிடையாது; பதவிப் பிரமாணம் எடுத்துவிட்டால், இருக்கிறவரைக்கும் அவர் பிரதமர்தான்; பிரதமர் போனால் மந்திரிசபையும் கூடவே போய்விடும் என்பதால்தான் அந்த நாற்காலியை ஒரு நாள்கூடக் காலியாக விடுவதில்லை; காலியாக விடாமல் பார்த்துக்கொண்டவருக்கு நாடு ஒரு கட்டமாவது ஒதுக்கியிருக்கிறது. இவ்வளவையும் சொன்னார். ஒன்பதாம் வகுப்பு ஒரு நாளும் இப்படி வாய் மூடிக் கேட்டதில்லை. தாளாளர் கேட்டார். மருதையன் அங்கேயே உஷாராகியிருக்க வேண்டும்.

தாளாளர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு இரண்டு நந்தாக்களையும் கிட்டப் போய்ப் பார்த்தார்.

"நீங்க சொல்றது கரெக்ட். ஒரே மண்டபத்துல இந்தச் சுவத்துக்கு ஒரு ரூல், அந்தச் சுவத்துக்கு ஒரு ரூல்னு இருக்கக் கூடாது."

பகலவன் பிரஷ்ஷை வெள்ளையில் தோய்த்தேவிட்டான்.

"பகலவா, இந்த நந்தா மேல ஒரு தாளை ஒட்டிடு."

"ரெண்டு இடத்துல இருக்காருங்களே, ரெண்டுலயுமா?"

"ரெண்டுலயுந்தான்."

வெறும் தாளாக விட்டால் பார்க்க நன்றாக இருக்காது என்று தாளாளருக்கே தோன்றியது. ஒன்றில் பள்ளிச் சின்னம் போடலாம், இன்னொன்றில் பள்ளியை நிறுவிய தன் தகப்பனார் படம் வைக்கலாம் என்று முடிவு செய்தார். ஆக, நேருவுக்கும் சாஸ்திரிக்கும் நடுவில் இந்தியாவை ஆளும் வாய்ப்பு நிறுவனருக்குக் கிடைக்க இருந்தது.

பிள்ளைகள் இதைப் பார்த்துத்தான் பரீட்சை எழுதுகிறார்கள் என்று மருதையன் சொல்லிப் பார்த்தார். புத்தகத்தில் ஒன்று, சுவரில் ஒன்று என்றால் எதை நம்புவார்கள் என்றார். தாளாளர் வருத்தத்தோடு தலையாட்டினார்.

"நீங்கதானே சார் ஆரம்பிச்சீங்க?"

பகலவன் தாளை அளந்து வெட்டி, பசையைத் தடவிக்கொண்டிருந்தான். அது ஒருமுறை ஒட்டினால் வராது; இந்தப் பள்ளியில் ஒட்டிய எதையும் யாரும் கிழித்ததுமில்லை. இன்னும் பத்து வருடத்துக்குப் பிள்ளைகள் பிரார்த்தனைக் கூட்டத்தில் நிறுவனரை இரண்டாவது பிரதமராகப் பார்த்துக்கொண்டு நிற்பார்கள். அதற்கு வழிகாட்டியவர் ஒரு சமூக அறிவியல் ஆசிரியர்.

"விட்டுடுங்க சார்," என்றார் மருதையன். "அவரு அங்கயே இருக்கட்டும். என் பேரு வேணாம்."

தாளாளருக்கு முகம் மலர்ந்துவிட்டது. இதற்குப் பெயர்தான் பெருந்தன்மை என்றார். ஆண்டு விழாப் பேச்சில் இதைக் குறிப்பிடுவதாகவும், ஒரு சால்வைக்கு ஏற்பாடு செய்வதாகவும் சொல்லிவிட்டுக் காரை நோக்கி நடந்தார்.

வண்டிச் சத்தம் ஓய்ந்ததும் பகலவன் பலகைப் பக்கம் வந்தான்.

"அவங்க போயிட்டாங்க சார். கலக்குன பெயிண்டு வீணாத்தான் போவப்போவுது. எழுதிடவா? ரெண்டு நிமிஷ வேலை."

"வேணாண்டா. அவருக்குத் தெரியாம எழுதினா அது பேரு இல்ல, சுவத்துக் கிறுக்கல்."

சொன்னாரே தவிர, மருதையன் நகரவில்லை. பலகையில் தூசி இருப்பது போல விரலால் தடவினார். பதினோரு பெயரையும் ஒரு தடவை எண்ணினார். பகலவன் இன்னொரு முறை கேட்டால் என்ன சொல்வதென்று அவரிடம் பதில் தயாராக இருந்தது. ஆனால் பகலவன் அவரிடம் படித்தவன், சொன்ன சொல் கேட்கிறவன். பிரஷ்ஷை மண்ணெண்ணெயில் கழுவ ஆரம்பித்திருந்தான்.