நடுக்கல் மணி

மூன்று நாள் கண் மூடாதவளிடம் நியாயம் அநியாயம் பேச வராதீர்கள். அன்றைக்கு நான் செய்தது தப்பு என்று எனக்குத் தெரியும். தெரிந்துதான் செய்தேன். உடம்பு ஓய்ந்துபோனால் பாவ பயமும் ஒரு சுமைதான். முதலில் அதைத்தான் இறக்கி வைக்கத் தோன்றுகிறது.

எங்கள் வீடு பாலாசிப் பாலத்தை ஒட்டிய ஒரே வீடு. ஊர் அதற்கு மேலே, இருநூற்றுப் பத்துப் படி ஏறினால். பாலம் ஒற்றை வளைவு, பூனை முதுகைத் தூக்கிக்கொண்டு நிற்பதுபோல நிற்கும். பக்கச் சுவர் கிடையாது. ஓரத்தில் முழங்கால் உயரத்துக்குக் கல் நட்டிருப்பார்கள், அவ்வளவுதான். ஆனால் கட்டியவர்கள் கெட்டிக்காரர்கள். உச்சியில் இருக்கும் நடுக்கல்லில் மணி நுழைகிற அளவுக்கு ஒரு துளை விட்டு, அதன் வழியே சங்கிலி இறக்கி, பாலத்துக்கு அடியில் ஒரு மணியைத் தொங்கவிட்டார்கள். மேலே மலையில் ஓர் இலை அசையாத நாளில்கூடக் கீழே பள்ளத்தாக்குக் காற்று ஆளைத் தூக்கி ஆற்றில் போடும். அதனால் எங்கள் ஆட்கள் காற்றைப் பார்ப்பதில்லை, மணியைக் கேட்பார்கள். அடித்தால் நிற்பார்கள், அடிக்காவிட்டால் கடப்பார்கள். பிஷப் சொன்னாலும் ஏன் எதற்கு என்று கேட்கிற ஊர், மணி சொன்னால் மறுபேச்சுப் பேசாது.

மணிக்கு எண்ணெய் போட்டுப் பார்த்துக்கொள்கிற குடும்பத்துக்கு அந்த வீடு. என் புருஷன் ஸ்தேரியோஸ் புனித நிக்கோலா படத்தின் மேல் கை வைத்துச் சத்தியம் செய்துதான் சாவியை வாங்கினார். மணி நின்றால் வீட்டை விட வேண்டும். மணியின் வாயைக் கட்டுகிறவனுக்கு ஒரு சாபமும் உண்டு: அவன் உடம்பு மண்ணில் மக்காமல் கிடக்கட்டும் என்று. எங்கள் ஊரில் செத்தவர்களை ஐந்தாம் வருஷம் தோண்டி எடுத்து எலும்பைக் கழுவிவைப்பது வழக்கம். மக்காமல் கிடந்தால் ஊரே பார்க்கும். சாபத்தைச் சும்மா விடவில்லை, சாட்சியோடுதான் விட்டிருக்கிறார்கள்.

அது கார் ரோடு வராத காலம். மார்ச் மாதம். ஸ்தேரியோஸுக்கு நெஞ்சில் நீர் கோத்துப் படுத்து நாற்பது நாள். யானினா பட்டணத்து மருந்துக்கடையிலிருந்து மருந்து வாங்கிவர என் தம்பி கித்சோஸ் போயிருந்தான். அவனுக்குச் சுமை ஓட்டுகிற தொழில். மாரோ என்று ஒரு கோவேறு கழுதை வைத்திருந்தான். ஒண்டிக்கட்டை, மாரோதான் குடும்பம். அவன் திரும்பி எதிர்க்கரைச் சத்திரத்துக்கு வந்து சேர்ந்த அன்றைக்குக் காற்று எழும்பியது. மணி அடிக்கத் தொடங்கியது.

மூன்று நாள் அடித்தது. பகல், ராத்திரி என்று இல்லை. ஸ்தேரியோஸ் ஒவ்வொரு அடிக்கும் கண்ணைத் திறந்தார். இருமினார், என் கையைப் பிடித்தார், விட்டார். நான் தலையணையை நிமிர்த்தினேன், கோழை வாளியைக் கொட்டினேன், அடுப்பில் விறகு வைத்தேன். மறுபடி தலையணை. மூன்றாம் நாள் விடியும்போது அவர் பேசினார்.

"எவந்தியா, அத நிறுத்து."

"காத்தையா? கடவுள்கிட்டச் சொல்லுங்க."

"மணிய. ஒரு மணி நேரம் தூங்கிட்டுச் சாவறேன்."

"சத்தியம் பண்ணது யாரு? நீங்கதானே?"

"அப்ப பாவமும் என்னோடதுதான். நீ போ."

என்னை அடித்திருந்தால்கூடப் பரவாயில்லை, கெஞ்சினார். முப்பது வருஷம் அந்த மணிக்கு எண்ணெய் போட்ட கை, என் பாவாடை நுனியைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. எனக்கு அழுகைகூட வரவில்லை. அவர் காலிலிருந்து ஒரு கம்பளிக் காலுறையை உருவினேன். நான் பின்னியது, சாம்பல் நிறம், விளிம்பில் ஒரு சிவப்புக் கோடு.

விடிகாலையில் காற்று கொஞ்சம் மூச்சு வாங்கும். முட்டி போட்டு ஊர்ந்து நடுக்கல்லுக்குப் போனேன். சங்கிலியை இழுத்து மணியைத் தூக்கி, அதன் நாக்குக்குக் காலுறையை மாட்டி இறுக்கிக் கட்டி, திரும்பக் கீழே விட்டேன். எதிர்க்கரையில் தம்பி இருப்பது நினைவுக்கு வரவில்லை என்று சொன்னால் அது பொய். வந்தது. சத்திரத்தில் குடித்துவிட்டுத் தூங்குவான், ஒரு மணி நேரத்தில் வந்து அவிழ்த்துவிடலாம் என்று நினைத்தேன்.

திரும்பி வந்தபோது ஸ்தேரியோஸ் தூங்கிவிட்டிருந்தார். வாயைத் திறந்துகொண்டு, குழந்தை மாதிரி. நான் முக்காலியில் உட்கார்ந்தேன். சுவரில் தலையைச் சாய்த்தது மட்டும் ஞாபகம் இருக்கிறது.

மணிச் சத்தம் கேட்டு விழித்தேன்.

வெயில் உச்சிக்கு வந்திருந்தது. மணி கணீர் கணீரென்று அடித்துக்கொண்டிருந்தது. வாயைக் கட்டிய மணி எப்படி அடிக்கும்? ஓடினேன். பாலத்தின் இறக்கத்தில் கித்சோஸ் வயிற்றால் ஊர்ந்து வந்துகொண்டிருந்தான். மாரோ இல்லை. கீழே ஆற்றில், பாறைகளுக்கு நடுவே, பொதிச் சேணம் மட்டும் சுழன்றுகொண்டிருந்தது.

அவன் இரண்டு உள்ளங்கைகளும் தோலுரிந்து கிடந்தன. வீட்டுக்குள் இழுத்துவந்து சாராயம் ஊற்றிக் கொடுத்தேன். குடித்தான். சட்டைக்குள்ளிருந்து மருந்துக் குப்பியை எடுத்து மேசையில் வைத்தான். உடையவில்லை. அதற்குள் ஊர் ஆண்கள் படியிறங்கி வந்துவிட்டார்கள். முன்னால் வந்தவர் பெலோபிதாஸ், காபிக்கடைக்காரர், ஊர்த்தலைவரும் அவர்தான். தன் மருமகனுக்கு எங்கள் வீடு வேண்டும் என்று ரொம்ப நாளாகக் கண் வைத்திருந்தவர்.

"மணி அடிக்கறப்ப எதுக்குடா கடந்த?" என்றார்.

கித்சோஸ் அவர் வாயையே பார்த்தான். "மணியா? எனக்குக் கேக்கலையே."

கட்டு நழுவிக் காலுறை ஆற்றோடு போயிருக்கும், அதனால்தான் மணி திரும்ப அடிக்கிறது என்று கணக்குப் போட்டேன். தம்பியோ மணி பொய் சொல்லாது, தன் காதுதான் போய்விட்டது என்று நம்புகிறான். எங்கள் ஊர்க்காரனுக்கு மட்டுமே வரக்கூடிய முட்டாள்தனம் அது. மாரோவைக் கொன்றேன், இப்போது அவன் காதையும் தின்றுவிட்டேன்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை, காற்று அடங்கியிருந்தது. பூசை முடிந்து காபிக்கடையில் விசாரணை. பெண்கள் உள்ளே போவதில்லை. வாசலில் இருந்த பெரிய மரத்தடியில் நின்றேன். உள்ளே பெலோபிதாஸின் குரல் நன்றாகக் கேட்டது.

"சத்திரக்காரன் சொல்லியனுப்பியிருக்கான். மணி நின்னுச்சு, அதனாலதான் கித்சோஸ் கெளம்பினான்னு. நின்னது நெசம்னா, ஒப்பந்தப்படி அந்தக் குடும்பம் வீட்டக் காலி பண்ணணும். நோயாளி இருக்காரேன்னா, கட்டில்ல தூக்கிட்டுப் போகட்டும்."

வெளியே படிக்கட்டில் இன்னும் பனி உருகவில்லை. அந்த நெஞ்சோடு அவரைத் தூக்கினால் ஐம்பதாவது படி தாண்டமாட்டார்.

"என்ன சொல்றீங்க? கொஞ்சம் சத்தமா," என்றான் கித்சோஸ்.

எல்லாரும் சிரித்தார்கள். பெலோபிதாஸ் கத்தினார்: "மணி நின்னுச்சான்னு கேக்கறேன்!"

"அதெல்லாம் நிக்கல. நான் பாலத்துல கெடந்தப்ப, அடியில மணி ஆடறது கல்லு வழியா நெஞ்சுல தெரிஞ்சுது. காதுலதான் விழல. போன குளிர்காலத்துல காய்ச்சல் வந்துச்சே, அப்பலேர்ந்தே இப்பிடித்தான்."

"சத்திரக்காரன் நின்னுச்சுங்கறானே?" அவர் இன்னும் பலமாகக் கத்தினார்.

"அந்தக் குடிகாரன் சொல்றத வெச்சு எடம் காலி பண்றதுன்னா, மொதல்ல உங்க கடையக் காலி பண்ணணும், தலைவரே!"

மறுபடி சிரிப்பு. யாரோ ஒருவன் அவன் முதுகுக்குப் பின்னால், "செவிட்டுக் கழுதை, கழுதையக் கொன்னுடுச்சு," என்றான். என் தம்பி திரும்பவே இல்லை. விசாரணை அதோடு முடிந்தது. இனி கித்சோஸோடு யாரும் சுமை அனுப்பக் கூடாது என்று ஒரு தீர்மானம் மட்டும் போட்டார்கள்.

படியிறங்கி வீட்டுக்கு நடந்தோம். பாதி வழியில் நான் நின்றேன். இதற்கு மேல் சுமக்க முடியாது என்று தோன்றியது.

"கித்சோ," என்றேன், மெதுவாக. அவன் முதுகுதான் என் பக்கம் இருந்தது. உடனே நின்றான்.

"டேய்... உனக்குக் கேக்குதா?"

"நீ மூச்சு வாங்கறதுகூடக் கேக்குதுக்கா."

சட்டைக்குள் கைவிட்டு ஒரு துணியை எடுத்து என் கையில் வைத்தான். ஆற்றுச் சாரலில் நனைந்தது, இன்னும் ஈரமாக இருந்தது. சாம்பல் நிறம், விளிம்பில் சிவப்புக் கோடு.

"மாரோ விழுந்ததும் நடுக்கல்லக் கட்டிப்பிடிச்சுக்கிட்டுக் குப்புறப் படுத்துட்டேன். மூஞ்சி சரியா தொளைக்கு மேல. கீழ பாத்தா மணி ஆடுது, சத்தம் வரல, அதுக்கு ஒரு காலுறை மாட்டியிருக்கு. இந்த ஊர்ல சிவப்புக் கோடு போட்டுப் பின்றவ நீ ஒருத்திதானே? எனக்கும் ரெண்டு ஜோடி குடுத்திருக்கியே."

"அந்தக் காத்துல கெடந்துக்கிட்டா சங்கிலிய இழுத்த?"

"பின்ன? எனக்குப் பின்னால ஒருத்தன் வந்தா அவனும் போவான். ஊர்க்காரங்க வந்து பாத்தா நீ போவ."

உட்கார்ந்துவிட்டேன், பனிப்படியிலேயே. "உன்னக் கொல்லப் பாத்தேன்டா."

"தெரியும். பாலத்துல கெடக்கறப்ப உன்னத் திட்டினேன் பாரு, அம்மா இருந்திருந்தா வாயில மொளகாய் வெச்சிருப்பா." அவனும் பக்கத்தில் உட்கார்ந்தான். கொஞ்ச நேரம் மாரோவுக்காக அழுதான். அதைத் தடுக்க எனக்கு என்ன யோக்கியதை? பிறகு மூக்கைத் துடைத்துக்கொண்டான். "மணி நின்னுச்சுன்னா உனக்கு வீடு போச்சு. மணியக் கேட்டும் கடந்தேன்னா நான் கிறுக்கன். செவிடன்னா பாவம்னாவது சொல்வாங்க."

"எத்தன நாளைக்குடா இப்பிடி?"

"மச்சான் இருக்கறவரைக்கும். எந்திரி. அவரு ஒத்தக் கால் வெறுமையா கெடக்காரு. இதக் காய வெச்சுப் போட்டு விடு."

ஸ்தேரியோஸ் ஈஸ்டருக்கு முந்தின வாரம் போனார். தன் கட்டிலில், இரண்டு காலிலும் காலுறையோடு. அன்றைக்கே நான் ஊரைக் கூட்டி உண்மையைச் சொல்லியிருக்கலாம். சொன்னால் வீடு போகும், வயசான விதவை எங்கே போவது என்று நினைத்தேன். அடுத்த வருஷம் சொல்லலாம் என்று தள்ளினேன். அப்புறம் அதற்கடுத்த வருஷம். இதுதான் என் நிஜமான பாவம். காலுறை கட்டியது களைப்பில் செய்தது. வாயைக் கட்டிக்கொண்டது தெளிந்த புத்தியோடு செய்தது.

கித்சோஸ் பதினெட்டு வருஷம் செவிடனாக இருந்தான். தண்ணீரில் ஓடுகிற மாவு மில்லில் வேலை கொடுத்தார்கள், அந்த இரைச்சலில் செவிடனுக்கு நஷ்டமில்லை என்று. பெண் கொடுக்க ஒருவரும் வரவில்லை. அவன் முன்னால் யாரும் எதையும் மறைக்கவில்லை. காபிக்கடையில் அவன் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டே அவனைக் கேலி செய்தார்கள், களவு பேசினார்கள், அடுத்தவன் பெண்டாட்டியைப் பற்றிப் பேசினார்கள். சாயங்காலம் என் வீட்டுக்கு வந்து, சீஸ் பணியாரத்தைத் தின்றுகொண்டே தணிந்த குரலில் எல்லாவற்றையும் சொல்வான். நாள் முழுக்க அவன் மெதுவாகப் பேசுவது அங்கே மட்டும்தான். நாங்கள் சிரிப்போம். அவன் போன பிறகு எனக்குத் தூக்கம் வராது.

அவன் செத்து ஐந்தாம் வருஷம் தோண்டினோம். அதற்குள் ரோடு வந்து, ஆற்றில் கொஞ்சம் கீழே தள்ளி சிமெண்டுப் பாலம் வந்து, மணியை யாரும் கேட்காமல் போய்விட்டது. இனி என் வீட்டை எவனும் பிடுங்கமாட்டான். ஆபத்து இல்லாதபோதுதான் எனக்குத் தைரியம் வந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன்.

எலும்பு சுத்தமாக இருந்தது. தேன்மெழுகு நிறம், ஒரு கறுப்பு இல்லை; பாவமில்லாதவன் எலும்பு என்பார்கள் அதை. பாதிரியார் சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டார். பொய் சொன்னவனின் எலும்பு. நான் மண்டையோட்டைத் திராட்சை மதுவில் கழுவினேன். காது இருந்த ஓட்டைக்குள் மண் அடைத்திருந்தது, அதை விரலால் எடுத்தேன்.

"இவன் செவிடன் இல்ல," என்றேன்.

சுற்றி நின்றவர்கள் பார்த்தார்கள். நான் முழுக்கச் சொன்னேன். காலுறை, நடுக்கல், சிவப்புக் கோடு, எல்லாம். என்னைத் தோண்டுகிற நாளில் நான் மக்காமல் கிடந்தால் ஏன் என்று இப்போதே தெரிந்துகொள்ளுங்கள் என்றும் சொன்னேன். யாரும் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

பெலோபிதாஸ் தடியை ஊன்றிக்கொண்டு நின்றார். எண்பது வயசு. பதினெட்டு வருஷம் தினமும் என் தம்பிக்குக் காபி ஊற்றிக் கொடுத்தவர், ஒவ்வொரு முறையும் கோப்பையை வைக்கும்போது அவன் முகத்துக்கு நேராக ஏதாவது சொல்லிச் சிரித்தவர். தொப்பியைக் கழற்றினார்.

"அப்ப... நான் சொன்னதெல்லாம் அவனுக்குக் கேட்டுச்சா?"

"எல்லாம்," என்றேன்.