பட்டியல் விலை

ஆஸ்பத்திரி ஸ்டோர்கீப்பர் வீட்டில் துணிமணிக்கு ஓர் அலமாரி, பொம்மை ரயிலுக்கு மூன்று அலமாரி. பொம்மை என்று அவர் காதுபடச் சொல்லிவிடாதீர்கள், மனிதர் இரண்டு நாள் சாப்பிட மாட்டார். மாதிரி ரயில். அச்சு அசலாக நிஜ எஞ்சின், ஆனால் உள்ளங்கையில் அடங்கும். அதில் ஒன்றுகூட ஒரு அடி தூரம் ஓடியது கிடையாது. அட்டைப்பெட்டியின் ஒட்டுத்தாளைக் கிழித்தால் விலை பாதியாகிவிடுமாம். இருபது வருடமாக இவர் வாங்கியது வெறும் அட்டைதான் என்று அவர் மனைவி சொல்வாள். அதில் நியாயம் இல்லாமல் இல்லை.

"இது செலவு இல்லம்மா, சேமிப்பு. உன் கடைக்குத்தான்" என்பது ஸ்டோர்கீப்பரின் பதில். மனைவி தையற்காரி. அந்த இருபது வருடமும் இன்னொருத்தி கடையில் மெஷின் மிதித்தவள். இப்போது கடைக்காரம்மா மகள் வீட்டோடு போகிறாள். மாசக் கடைசிக்குள் முன்பணம் தந்தால் கடையும் நாலு மெஷினும் இவளுக்கு. இல்லையென்றால் பக்கத்துச் செருப்புக்கடைக்காரருக்கு. மனைவி வீட்டுக்கு வந்து அலமாரியைக் கைகாட்டி, "எடுங்க" என்றாள். அவ்வளவுதான் பேச்சு.

அவருக்கென்ன கவலை? மாதிரி ரயில் சேர்ப்பவர்களுக்கென்று ஊரில் இருக்கும் மன்றத்தின் விலைப்பட்டியல்படி அலமாரிகளின் மதிப்பு அந்த முன்பணத்தைப்போல் இரண்டு மடங்கு. பட்டியல் எப்படித் தயாராகிறது என்று கேட்காதீர்கள். வருடத்துக்கு ஒருமுறை உறுப்பினர்கள் கூடி, கையைத் தூக்கி விலையை ஏற்றுவார்கள். இறக்கியதாகச் சரித்திரமே இல்லை. எல்லார் வீட்டிலும் அதே எஞ்சின் தூங்கும்போது எவன் கை கீழே கிடக்கும்? காக்கைக்கும் தன் குஞ்சு பொன்குஞ்சு. இங்கே குஞ்சுக்கு விலை போடுவதும் அதே காக்கைதான்.

ஞாயிற்றுக்கிழமை மன்றக் கூட்டத்துக்கு நாலு சூட்கேஸை இழுத்துக்கொண்டு போனார். எல்லாரும் தொட்டுப் பார்த்து உச்சுக் கொட்டினார்கள். யாராவது இதைப் போய் விற்பார்களா, இன்னும் அஞ்சு வருடம் வைத்திருந்தால் எங்கேயோ போய்விடுமே என்று ஆளாளுக்குப் புத்தி சொன்னார்கள். பட்டியல் விலைக்கே தருகிறேன் என்றார். எல்லாருக்கும் டீ ஞாபகம் வந்தது. சரி, பாதி விலைக்கு என்றார். ஒருவர் கைபேசியைப் பார்த்தார், இன்னொருவர் திறக்காத ஜன்னலைச் சாத்தப் போனார்.

மன்றத் தலைவரான பல் டாக்டர் அவரை வராந்தாவுக்குத் தள்ளிக்கொண்டு போய்த் தோளில் கை போட்டார். "மோட்டார்ல எண்ணெய் இறுகிப்போயிருக்கும். அட்டையும் நசுங்கியிருக்கு. வீட்டுல இடத்தைத்தானே அடைக்குது? மொத்தமா நானே எடுத்துக்கிறேன்." சொன்னது கால்வாசி விலை.

ஸ்டோர்கீப்பருக்கு அந்தப் பேச்சு மனப்பாடம். அது அவருடைய வசனம். உறுப்பினர் யாராவது கண்ணை மூடினால் வீட்டுக்குப் போகிற ஆறுதல் குழுவில் பத்து வருடமாக இவர்தான் முதல் ஆள். மூஞ்சியைத் தொங்கப் போட்டுக்கொண்டு, அழுத கண் காயாத பெண்களிடம் இதையேதான் அட்சரம் பிசகாமல் ஒப்பிப்பார். அப்புறம் அலமாரியை அடிமாட்டு விலைக்கு அள்ளிக்கொண்டு வருவார். தனக்கு வந்தால்தானே தெரிகிறது தலைவலியும் காய்ச்சலும். வெட்கம் பிடுங்கித் தின்றது. அதைவிடக் கடை கைநழுவிப் போகிற பயம் பெரிதாக இருந்தது. பாதி முன்பணமாவது தேறும், மீதிக்குக் கடைக்காரம்மா காலில் விழலாம். தலையை ஆட்டினார்.

டாக்டர் உள்ளே போய் ரசீது எழுதிக்கொண்டு வந்தார். அதில் முழுப் பட்டியல் விலை.

"இதென்ன டாக்டர்?"

"கால்வாசின்னு எழுதினா நாளைக்கு எல்லார் அலமாரியும் கால்வாசிதான். நம்ம மன்றத்து மானம் என்ன ஆகிறது? போடுங்க கையெழுத்தை."

வருடா வருடம் எல்லாருக்கும் முந்திக் கை தூக்கினவர், மறுபேச்சில்லாமல் போட்டார். டாக்டர் பணத்தையும் ரசீதின் நகலையும் ஒரே உறையில் வைத்துக் கொடுத்தார். அதை அப்படியே கொண்டுபோய் மனைவியிடம் நீட்டினார் நம் ஆள். நகலை எடுத்துக் கிழித்துப் போட்டிருக்கக் கூடாதா? மன்றத்து முத்திரை விழுந்த தாளைக் கிழிக்க அந்த மனிதருக்குக் கை வருமா!

மனைவி பணத்தை எண்ணினாள். ரசீதைப் படித்தாள். மறுபடி எண்ணினாள். இருபது வருடமாக அவர் சொன்ன விலையில் ஒன்றைக்கூட நம்பாதவள், முத்திரையைப் பார்த்ததும் முதன்முதலாக நம்பிவிட்டாள். அவர் நடந்ததைச் சொன்னார். வராந்தா, இறுகின எண்ணெய், மன்றத்து மானம். சொல்லச் சொல்ல அவருக்கே அது புளுகு மாதிரி இருந்தது.

அவள் சண்டை போடவில்லை. குனிந்து கட்டிலுக்கு அடியில் பார்த்தாள். சமையலறைப் பரணை அண்ணாந்து பார்த்தாள். அப்புறம் நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"கடை போனாப் போகட்டும்" என்றாள். "மீதிப் பணத்துக்கு எந்த ரயிலை வாங்குனீங்க?"