கழுதைச்சேணத்துச் சறுக்கல்

வில்ஃபோர்ட் ஒரு முறை கழுதைச்சேணத்து மலையிலிருந்து காலை அசைக்காமலேயே கீழே வந்திருக்கிறார். நடந்தது மலைதான், அவர் சும்மா நின்றுகொண்டிருந்தார். உச்சியில் சாண்ட்விச் காகிதத்தைப் பிரித்தவர், கடைசி வாயை விழுங்கும்போது வண்டி நிறுத்துமிடத்தில் இருந்தார். வழியில் ஒரு மலைச்சிங்கம் ஒதுங்கி நின்று வழிவிட்டது. சில வாரம் அவர் சொல்லும்போது அது தலையாட்டி விடைகொடுக்கவும் செய்யும்.

புதன்கிழமை நடைக்குழுவில் இதைக் கேட்காத காதே கிடையாது. எல்லோரும் ஓய்வுபெற்றவர்கள், எங்கள் யூட்டா மாநிலத்து ஊரில் செம்பாறைகளின் மீது பனி விழுந்த மறுநாள் வீட்டில் இருப்பதைப் பாவமாக நினைப்பவர்கள். குழுவுக்கு முன்னால் நடந்து வழி காட்டுவது வில்ஃபோர்ட். அவருடைய மகள் ஏணியைப் பிடுங்கிக்கொண்டாள். கண் டாக்டர் வண்டிச் சாவியைப் பிடுங்கிக்கொண்டார். மிஞ்சியிருந்தது இந்த முன்நடை ஒன்றுதான்.

அதற்கும் இந்தக் குளிர்காலத்தில் வேட்டு வந்தது. வைத்தவர் டெல்ஃபினா. ஆயுள் முழுக்க நீதிமன்றத்தில் சுருக்கெழுத்து எழுதியவர். ஊரார் பொய்களை ஒரு வார்த்தை விடாமல் எழுதி எழுதி, காதில் விழுவதில் பாதியைக் கழித்துவிட்டே கேட்பவர். காலைச் சாப்பாட்டு மேசையில் எல்லோர் முன்னிலையிலும் சொன்னார்:

"பிரதர், ஐஸ் இருக்கு, பாத்து வாங்கன்னு நீங்க சொன்னா நாங்க சிரிக்கிறோம். என்னைக்காவது நெசமாவே இருந்துச்சுன்னா சிரிச்சுக்கிட்டே சாவோம்."

குழுத் தலைவர் ரூலன் சமரசமாக ஒரு வழி கண்டுபிடித்தார். இந்தப் புதன் டெல்ஃபினா முன்னால் நடக்கட்டும். இறங்கி வந்து சாப்பிடும்போது முடிவு செய்துகொள்ளலாம்.

செம்மண் நாட்டில் குளிர்கால நடைக்குச் சட்டம் ஒன்றே ஒன்று. மண் உறைந்து தூங்கும்போது ஏறி, அது விழிப்பதற்குள் இறங்கிவிட வேண்டும். டெல்ஃபினாவுக்கும் அது தெரியும். ஆனால் அவருக்குப் பாதுகாப்பு முக்கியம். மலையடியில் ஒவ்வொருவர் காலணியிலும் மாட்டியிருந்த இரும்பு முட்களை இழுத்துப் பார்த்தார். தண்ணீர்ப் புட்டிகளை ஆட்டிப் பார்த்தார். அவிழாத நாடாக்களையெல்லாம் அவிழ்த்து மறுபடி கட்டச் சொன்னார். பிறகு ரூலன் பிரார்த்தனை செய்தார். தன் பேரப்பிள்ளைகள் ஒவ்வொருவரையும் பெயர் சொல்லிக் கடவுளிடம் ஒப்படைத்தார். அவருக்கோ ஒரு பள்ளிக்கூடத்தை நிரப்புமளவுக்குப் பேரப்பிள்ளைகள். ஆமென் சொல்லிக் கண்ணைத் திறந்தபோது வெயில் பாறை முகடெல்லாம் இறங்கி வந்திருந்தது. மரணம் நேராதிருக்க அத்தனை ஏற்பாடும் செய்து முடித்ததில் சரியாக மண் விழிக்கும் நேரமாயிற்று.

உச்சியில் சிவப்பின் மேல் வெள்ளை உட்கார்ந்திருந்த அழகில் எல்லோரும் படமெடுக்க நின்றுவிட்டார்கள். வழியைப் பார்த்து வைக்கிறேன் என்று டெல்ஃபினா முன்னால் இறங்கினார். யாரும் கூப்பிடாமலேயே வில்ஃபோர்ட் பின்னால் போனார். பழக்க தோஷம்.

வளைவு தாண்டியதும் வெயில் பார்த்த சரிவு. பனி உருகிப்போய், மேல் மண் தொளதொளவென்று மினுங்கியது. அடியில் இன்னும் கண்ணாடி மாதிரி உறைந்த தரை. பாதையோரம் மொட்டைப் பாறை காய்ந்து கிடந்தது.

"சிஸ்டர், அதுல கால் வைக்காதீங்க. பாறை மேல வாங்க. அந்த மண்ணு கெளம்பப் போவுது."

"கெளம்பி எங்க போவும்? சர்ச்சுக்கா?"

கேட்டுக்கொண்டே டெல்ஃபினா இரண்டு காலையும் அழுத்தி ஊன்றினார். மண் கிளம்பிவிட்டது.

கூடத்துக் கம்பளம் அளவுக்கு ஒரு துண்டு, தன் மேல் முளைத்த புதரோடும் டெல்ஃபினாவோடும், அவசரமே இல்லாமல் நகர்ந்தது. பிறகு அதற்கு அவசரம் வந்தது. டெல்ஃபினா விழவில்லை. கையில் உச்சியில் ஊற்றிக்கொண்ட சூடான சாக்லேட் கோப்பை. கோடைகால ஊர்வலத்தில் அலங்கார வண்டி மேல் நிற்கும் அழகுராணி போல முதுகு நிமிர்த்தி, ஜூனிப்பர் மரங்களுக்கு நடுவே, எங்கும் முட்டாமல் போனார். மேய்ந்துகொண்டிருந்த மான் ஒன்று வாயில் புல்லோடு அவரைக் கடைசி வரை திரும்பிப் பார்த்தது. சரிவு முடிந்த இடத்தில் மண், லிஃப்ட் நிற்பது போலப் பூப்போல நின்றது. டெல்ஃபினா கோப்பையில் மிச்சமிருந்ததைக் குடித்தார்.

மேலிருந்து பார்த்த வில்ஃபோர்டுக்கு முதலில் ஆனந்தம் தாங்கவில்லை. அவர் அந்தக் காலத்தில் சறுக்கியது உண்மையில் ஒரு சோபா நீளம்தான். அது அவருக்கு மட்டுமே தெரியும். இத்தனை வருடமாகச் சொல்லி வந்த பொய், கடைசியில் நிஜமாகவே நடந்து காட்டிவிட்டது. அடுத்த கணம் திரும்பிப் பார்த்தார். வளைவுக்கு அப்பாலிருந்த யாரும் பார்க்கவில்லை. சாட்சி அவர் ஒருவர்தான். அவருடைய சாட்சியத்துக்கு ஊரில் என்ன மதிப்பு என்று அவருக்கே தெரியும்.

சாப்பாட்டுக் கடையில் அவர் சொன்னார். ஆயுளில் முதல் முறையாக எதையும் சேர்க்காமல் சொன்னார். சிங்கம் இல்லை, சாண்ட்விச் இல்லை. மேசையே குலுங்கிச் சிரித்தது. வேலை போகிறது என்றதும் பாவம் அந்த அம்மாவையும் கதைக்குள் இழுத்துவிட்டாரே என்று ரூலன் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

டெல்ஃபினா பொரித்த ரொட்டியின் மூலை வரை தேன்வெண்ணெயைத் தடவிக்கொண்டிருந்தார். ஒன்றும் சொல்லாமல் அந்த ரொட்டியைத் தின்று முடித்தாலே போதும், முன்நடை அவருடையது. சம்பிரதாயத்துக்காக ரூலன் கேட்டும் வைத்தார், முடிவு எடுத்துவிடலாமா என்று.

டெல்ஃபினா கத்தியைக் கீழே வைத்தார். கையைத் துடைத்துக்கொண்டார்.

"நடந்துச்சு. பாறை மேல வாங்கன்னு பிரதர் சொன்னாரு, நாந்தான் கேக்கல." சிரிப்பு அடங்கும் வரை காத்திருந்தார். "அந்த மானையும் விட்டுட்டாரு. மனுஷன் கொறச்சுத்தான் சொல்லியிருக்காரு."