கண் திறந்த ஆடு

கிணறு வெட்டினால் தண்ணீர் வரும். நான் வெட்டினால் ஆடு வந்தது. சுட்ட மண்ணில் செய்த, முதுகில் வாய் வைத்த, குட்டியாட்டு அளவுப் பாத்திரம். செத்தவர்களுக்குப் படையல் வைத்தது, இரண்டாயிரம் வருஷமாவது இருக்கும் என்று சரித்திர வாத்தியாரான நான் நைனார்பாளையம் முழுக்கச் சொல்லித் தொலைத்தேன்.

"செத்தவங்க பானைய, புள்ளத்தாச்சிப் பொண்ணு இருக்கிற வூட்ல வெப்பாங்களா யாராச்சும்?" என்றாள் என் மனைவி இருசம்மாள். மகள் மலர்விழிக்கு நிறைமாதம். "பொழுது சாயறதுக்குள்ள அது போவணும். இல்லன்னா ஒலக்கையால ஒரே போடு."

செய்வாள். அவள் விஷயத்தில் மட்டும் என் சரித்திர அறிவு பிழையில்லாதது.

கழுவக்கூடப் பயந்து, மண்ணோடு வைக்கோலில் சுற்றிச் சாக்கில் போட்டு, சைக்கிள் கேரியரில் கட்டிக்கொண்டு கள்ளக்குறிச்சி தாலுகா ஆபீசில் ஒப்படைக்கக் கிளம்பினேன். இட ஒதுக்கீடு கேட்டு ரோடெல்லாம் மரம் வெட்டிப் போட்டிருந்த வாரம் அது. மலையேறும் வெள்ளிமலை பஸ்கூட அடிவாரத்தோடு நின்றுவிட்டது. என்னைப் போன்ற அறிவாளிதான் அன்றைக்குப் பார்த்துக் கிளம்புவான்.

குறுக்கே கிடந்த புளியமரத்தின் மேல் என் பழைய மாணவன் கொளஞ்சியப்பன் உட்கார்ந்திருந்தான்.

"சார், எந்த வண்டியும் வுடறதில்ல. சாக்குல இன்னா?"

கவர்மென்ட் ஆபீஸ் என்று சொல்ல நாக்கு எழவில்லை. "அய்யனாருக்கு நேர்த்திக்கடன்பா. மண் ஆடு."

கூட்டமே செருப்பைக் கழற்றியது.

"சாமி பொருள சைக்கிள்லயா சார் கட்டுவாங்க?" என்று திட்டிக்கொண்டே கொளஞ்சியப்பன் துண்டைச் சும்மாடாகச் சுருட்டி, ஆட்டைத் தலையில் ஏற்றினான். நாலு பேர் கைகொடுக்க, ஆடு மரத்தைத் தாண்டியது. எனக்கு உயிர் வந்தது. அந்தப் பக்கமே ஓர் அய்யனார் கோயிலைப் பார்த்ததும் வந்த உயிர் போய்விட்டது.

மண் குதிரைகளின் வரிசையில் இறக்கினார்கள்.

"கண்ணு தெறக்கலியே சார்?"

நேர்ந்துவிடும் உருவத்துக்குக் கண் எழுதினால்தான் உயிர்; எழுதிவிட்டால் அது வீடு திரும்பாது. ரோட்டில் கோஷம் எழுதிய பெயிண்ட் டப்பா வந்தது. இரண்டாயிரம் வருஷத்தின் மேல் மஞ்சள் பெயிண்ட்!

"இருப்பா, மொதல்ல தொடைக்கணும்" என்று துண்டை நனைத்து, எத்தனை மெதுவாக முடியுமோ அத்தனை மெதுவாகத் துடைத்தேன். ஒட்டியிருந்த மண் கரைந்தது. மூக்குக்கு மேலே இரண்டு வட்டம், நடுவில் புள்ளி. எந்தக் காலத்திலோ யாரோ விரலால் அழுத்தியது.

கொளஞ்சியப்பன் பிரஷைக் கீழே வைத்தான். "ஏற்கெனவே தெறந்துகினுதான் சார் இருக்குது. மறுபடி தெறக்கப்படாது. இங்கயே இருக்கட்டும், எவனும் கைய வெக்க மாட்டான்." பிறகு மெல்ல, "பரிச்சையில என்னிய பெயில் போட்டீங்களே, அதுக்கும் சேத்து ஒரு கும்பிடு போடுங்க" என்றான்.

நெடுஞ்சாண்கிடையாகவே போட்டேன்.

வீட்டு வாசலில் உலக்கை நின்றது, பக்கத்தில் இருசம்மாள்.

"எங்க வெச்சீங்க?"

"அய்யனார் கோயில்ல."

"இந்தப் புத்தி காலைலயே வந்தா இன்னா?"

மலர்விழிக்குச் சுகப்பிரசவம். ஆட்டுக்கு முதல் மாலை இருசம்மாள் போட்டதுதான். பிற்பாடு தொல்லியல் அதிகாரி வந்து அதைத் தொட்டுத் தூக்கப் போனபோது, "பாத்து சார், ஒடச்சிடப் போறீங்க!" என்று அதட்டியவளும் அவளே.