இறக்கையைப் பிடித்திருப்பவர்கள்

எங்கள் தொழிற்சாலையில் ஹெலிகாப்டரின் இறக்கைகளைத் தண்டோடு இணைக்க போல்ட் எதுவும் கிடையாது. தண்டின் உச்சியில் ஆட்கள் உட்கார்ந்து கையால் பிடித்துக்கொள்வார்கள். சுற்றும் இறக்கை மேலும் கீழும் அசைய வேண்டும், முன்னும் பின்னும் கொஞ்சம் ஆட வேண்டும், தன் அச்சில் திரும்பவும் வேண்டும். விறைப்பாக மாட்டினால் அடியோடு ஒடிந்துவிடும். தோளும் முழங்கையும் மணிக்கட்டும் இருக்கும்போது கீல் எதற்கு? இணைப்புப் பிரிவில் பதினொரு வருடமாக வரைபடம் போடுகிறேன். எனக்கு இதில் சந்தேகமே வந்ததில்லை.

கஷ்டமெல்லாம் ஆள் பிடிப்பதில்தான். சுற்றும்போது இறக்கை பத்து டன் பாரத்தோடு வெளியே இழுக்கும். கபடி வீரர் ஒருவரே நாற்பது நொடிதான் தாங்கினார். அதனால் நேர்காணலில் நாங்கள் கையைப் பார்ப்பதில்லை. எதை விட முடியாமல் வைத்திருக்கிறீர்கள் என்று மட்டும் கேட்போம்.

என் மனைவி தமயந்தியின் பெயரை நான்தான் எழுதிக் கொடுத்தேன். எங்கள் மகள் இலக்கியா காய்ச்சலில் போய் இரண்டு வருடமாகிறது. அன்று அவளுடைய பள்ளிப் பையைப் பிடித்த தமயந்தி சமைக்கும்போதுகூட அதை விடவில்லை. வீட்டில் அதைப் பார்த்துக்கொண்டிருக்க என்னால் முடியவில்லை. அதற்காகத்தான் எழுதிக் கொடுத்தேன், வேலைக்காக அல்ல.

விமானி ஆரோக்கியசாமி பையை மேசைமேல் வைக்கச் சொன்னார்.

"இன்னொரு கை இருக்குதுங்களே," என்றாள் தமயந்தி.

"பாதியில விட்டுட மாட்டீங்களே அம்மா?"

"விடத் தெரிஞ்சிருந்தா நான் எதுக்குங்க இங்க வர்றேன்?"

எங்களுடையது இரண்டு இறக்கை வண்டி. எதிரெதிரே பிடிப்பவர்களின் துக்கம் ஒரே எடையில் இருக்க வேண்டும். தமயந்திக்கு எதிரே பிடிக்க என்னை எடை போட்டார்கள். நானூறு கிராம் குறைந்தது. நானும் அவளைப் பெற்றவன்தானே என்று ஆத்திரமாக வந்தது. அழவில்லை, அழுதால் இன்னும் குறையும். ஈயத் துண்டுகளைச் சட்டைப் பையில் போட்டு ஏற்றிவிட்டார்கள்.

தரையிலேயே ஒரு முறை ஓட்டிப் பார்த்து எஞ்சினை நிறுத்திய பிறகுதான் என் தப்பு தெரிந்தது. கையை எடுக்க வரைபடத்தில் நான் வழியே வைக்கவில்லை. விடாதவர்களுக்கு அது எதற்கு என்று நினைத்திருந்தேன். ஒருவர் விட்டால் மற்றவர் இறக்கையோடு போய்விடுவார். மூன்று மாதமாக முதுகோடு முதுகாக உட்கார்ந்திருக்கிறோம். ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரியாது.

இன்று காலை முதன்முறையாக மேலே கிளம்பினோம். வாலில் ஒரு சின்னக் காத்தாடி உண்டு, அது இல்லாவிட்டால் வண்டியே எதிர்ப்பக்கமாகச் சுற்றும். அதற்கும் ஆள் வேண்டும்.

"வாலுக்கு இன்னிக்குத்தான் ஆள் கிடைச்சுது," என்று கீழே விமானி இருக்கையிலிருந்து சத்தம் போட்டுச் சொன்னார் ஆரோக்கியசாமி. "சின்னப் பொண்ணு, நாலாங்கிளாஸாம். பை எங்க கண்ணுன்னு கேட்டேன். எங்கம்மாகிட்ட இருக்குதுங்குது."

ஒவ்வொரு சுற்றிலும் தமயந்தி ஒரு முறை வாலைப் பார்க்கிறாள், அரைச் சுற்று கழித்து நான் பார்க்கிறேன். நிமிடத்துக்கு நானூறு சுற்று. நீல யூனிபார்ம் தெரிகிறது, முகம் தெரியவில்லை.

"ஏனுங்க," என்றாள் தமயந்தி. "கொஞ்சம் மெதுவாச் சுத்தச் சொல்லுங்க."

இரண்டாயிரம் அடி உயரத்தில் இருந்தோம். மெதுவாகச் சுற்றினால் விழுவோம் என்பது இணைப்புப் பிரிவில் எல்லாருக்கும் தெரியும். நான் ஆரோக்கியசாமியிடம் சொன்னேன். அவர் சரிங்க என்று வேகத்தைக் குறைத்தார்.

முதலில் இரட்டைச் சடை தெரிந்தது.