ஒருபக்கத் தாள்

பெரிய மேடம் கைப்பட எழுதிக் கொடுத்த அரைத்தாளை டைப்பிஸ்ட் மூன்று தடவை படித்தாள். மூன்று தடவையும் அதில் ஒரே சங்கதிதான் இருந்தது. நாடகம், கைவேலை இரண்டுக்குமான தற்காலிகப் பணியிடம் இந்தக் கல்வியாண்டோடு நீக்கப்படுகிறது. அந்த இடத்தில் இருப்பவரின் சேவை இனித் தேவைப்படாது. அதற்குக் கீழே ஒரு பெயர். பதினோரு வருஷமாக அவளோடு ஒரே டிபன் டப்பாவில் கைவைத்துச் சாப்பிட்டவளின் பெயர்.

"அடிச்சாச்சா?" கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கத்திலிருந்து பெரிய மேடம் கேட்டாள்.

"அடிக்கிறேன் மேடம். இத ஆண்டு விழாவுக்கு முன்னாடியே குடுக்கணுமா?"

"பைத்தியமா உனக்கு? இப்பவே குடுத்தா நாடகம் யாரு போடுவா? அதிகாரி வர்றாரு. விழா முடிஞ்ச சாயங்காலம் குடுத்துக் கையெழுத்து வாங்கிக்கலாம்." கொஞ்சம் நிறுத்தினாள். "நீங்க ரெண்டு பேரும் ஒட்டிக்கிட்டே திரியிறவங்க. உன் வாய் தவறிச்சுன்னு வெச்சுக்கோ, அடுத்த தாள்ல உன் பேரு இருக்கும்."

பெரிய பதவியில் இருப்பவர்கள் இப்படித்தான். கத்தியைக் காட்ட மாட்டார்கள். கத்தி எந்த அலமாரியில் இருக்கிறது என்று மட்டும் சொல்வார்கள். டைப்பிஸ்ட் தலையை ஆட்டினாள். பதினெட்டு வருஷமாகத் தப்பில்லாமல் அடித்த கை அன்றைக்கு வருஷத்தையே தப்பாக அடித்தது. அச்சாகி வந்த பிறகுதான் கண்ணில் பட்டது. அந்தத் தாளை ஒதுக்கிப் போட்டுவிட்டு வேறு அடித்து, இரண்டு பிரதி எடுத்து, கவரில் போட்டு மேடம் மேஜைமேல் வைத்தாள். அப்புறம் கழிப்பறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு சும்மா நின்றாள். அழுகை வரவில்லை. வந்திருந்தாலாவது பரவாயில்லை.

நாடக டீச்சருக்குப் பிள்ளைகள் வைத்த பெயர் 'சத்தம் மிஸ்'. ஒத்திகையில் கடைசி வரிசையில் போய் உட்கார்ந்துகொண்டு, "சத்தம்! எனக்குக் கேக்கல! எனக்குக் கேக்கலைன்னா கடவுளுக்கும் கேக்காது!" என்று கத்துவாள். ஆள் பார்க்க ஒட்டடைக்குச்சி மாதிரி இருப்பாள். குரல் மட்டும் பஸ் ஸ்டாண்டில் ஆள் கூப்பிடுகிற குரல். வயது நாற்பத்து மூன்று. வீட்டில் படுத்த படுக்கையாக அப்பா. கல்யாணம் கைகூடவில்லை, கூடாததைப் பற்றி அவளும் பேசினதில்லை, டைப்பிஸ்டும் கேட்டதில்லை. அவளுக்கு இருந்ததெல்லாம் இந்த ஒரு வேலை. அதுவும் வருஷா வருஷம் புதுப்பிக்கிற வேலை. இந்தத் தடவை அதிகாரி நாடகத்தைப் பார்த்தால், பார்த்து மனசு வைத்தால், நிரந்தரம் ஆகிவிடும் என்று யாரோ அவள் காதில் போட்டுவிட்டார்கள். யாரோ என்ன யாரோ, பெரிய மேடமேதான். ஓசியில் உழைப்பு வேண்டுமென்றால் முதலில் ஆசையைக் காட்டுவார்கள்.

அவர்கள் சிநேகிதம் சண்டையில்தான் தொடங்கியது. வந்த புதிதில் சத்தம் மிஸ் ஒரு நாடகத்தை எழுதிக்கொண்டு வந்து அடித்துத் தரச் சொன்னாள். நான் ஆபீஸ் வேலை மட்டும்தான் செய்வேன் என்று டைப்பிஸ்ட் முகத்தில் அடித்த மாதிரி சொன்னாள். காகிதத்தை அங்கேயே வைத்துவிட்டுப் போனாள் அவள். மறுநாள் வந்து பார்த்தால் அத்தனையும் அடித்து அடுக்கியிருந்தது. ஒரு வசனத்துக்குப் பக்கத்தில் பென்சிலில், 'இந்த இடத்தில் பொம்பளை இப்படிப் பேசமாட்டாள்' என்று எழுதியிருந்தது. அன்றிலிருந்து ஒட்டிக்கொண்டது. டைப்பிஸ்டின் புருஷன் போய்ச் சேர்ந்தபோது ஊரே வந்து ஆறுதல் சொன்னது. சத்தம் மிஸ்ஸோ நேரே சமையலறைக்குப் போய்ப் பிசுக்கேறிக் கிடந்த அடுப்பைத் தேய்க்க ஆரம்பித்தாள்.

அந்த வருஷத்து நாடகம் சிரிப்பு நாடகம். ராஜாவின் பட்டு அங்கியை வெந்நீரில் போட்டுவிடுகிறார்கள் துணி வெளுக்கிற நாலு பெண்கள். அங்கி சுருங்கிப் போகிறது. தலை தப்ப வேண்டுமே என்று, "அங்கி சுருங்கல மகாராஜா, நீங்கதான் வளர்ந்துட்டீங்க" என்று நாலு பேரும் அடித்துச் சொல்கிறார்கள். ராஜா நம்பிவிடுகிறான். கடைசியில் சந்தோஷம் தாங்காமல் ஆளுக்கொரு வீடு கட்டிக் கொடுக்கிறான்.

நாடகத்துக்கென்று பள்ளிக்கூடம் நல்ல காகிதம் தராது. அச்சில் தப்பிப் போனது, பழைய சுற்றறிக்கை, தேதி முடிந்த பரீட்சை அட்டவணை எல்லாம் டைப்பிஸ்டின் காலடியில் ஒரு பச்சைக் கூடையில் கிடக்கும். ஒருபக்கத் தாள் என்று பெயர். வசனமெல்லாம் அதன் பின்பக்கத்தில்தான். வழக்கம்போல அந்த வாரமும் ஒன்பது பிரதி எடுத்தாள். பிரதிக்கு இருபத்திரண்டு பக்கம். பிள்ளைகள் வசனத்தைவிடப் பின்பக்கத்தைத்தான் முதலில் திருப்பிப் பார்ப்பார்கள். "மிஸ், என்னோடதுல போன வருஷ கணக்குப் பரீட்சை இருக்கு, இதையும் மனப்பாடம் பண்ணணுமா?" என்று ஒருத்தி கேட்க, மற்றவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

சொல்லிவிட வேண்டும் என்று டைப்பிஸ்ட் தினமும் காலையில் முடிவெடுப்பாள். பத்து மணிக்குள் அந்த முடிவு கரைந்துவிடும். தன் வேலை போய்விடுமே என்ற பயம் இருந்தது, இல்லையென்று சொன்னால் பொய். ஆனால் அதைவிடப் பெரிய பயம், சைக்கிள் கொட்டகையில் அங்கும் இங்கும் ஓடி ஓடி, கையை ஆட்டி, பிள்ளைகளை விரட்டிக்கொண்டிருந்த அந்த உடம்பு இதைக் கேட்டதும் அப்படியே நின்றுபோவதைத் தன் கண்ணால் பார்க்க வேண்டியிருக்குமே என்பது.

ஒருநாள் குழாயடியில் டப்பா கழுவும்போது வாயைத் திறந்தாள். "ஏய், உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்டி."

"அங்கி பத்தின்னா சொல்லு. வேற எதுன்னாலும் விழா முடிஞ்சு."

"இல்லடி, இது வந்து..."

"அக்கா, நாலு புள்ளைல ஒருத்திக்கு அம்மை. தலைல இடி விழுந்தாலும் விழா முடிஞ்சுதான் எனக்குக் கேக்கும். டப்பாவக் கவுத்து வை."

கவிழ்த்து வைத்தாள். இன்னொரு நாள் பஸ் நிறுத்தத்தில் ஆரம்பித்தாள். சத்தம் மிஸ் தன்னுடையதல்லாத பஸ்ஸில் ஏறிப் போய்விட்டாள். அவசரத்தில் தப்பாக ஏறிவிட்டாள் என்று டைப்பிஸ்ட் நினைத்துக்கொண்டாள்.

இன்னும் சில விஷயங்களும் அவளுக்கு உறுத்தின. 'நிரந்தரம் ஆச்சுன்னா முதல்ல ஒரு பீரோ' என்று நாளுக்கு நாலு தடவை சொல்லிக்கொண்டிருந்தவள் அந்தப் பேச்சையே விட்டுவிட்டாள். எந்தப் பெட்டியில் எந்த வேஷத்துணி, திரைச்சீலையின் எந்த வளையம் சிக்கும், எப்படித் தட்டினால் விடும் என்று பாடம் மாதிரி டைப்பிஸ்டுக்குச் சொல்லிக் கொடுத்தாள். விழாவுக்கு ஒரு வாரம் இருக்கும்போது கடைசிப் பக்கத்தை மாற்றி எழுதிக் கொண்டுவந்தாள். புது முடிவில் ராஜா வீடு கட்டித் தரவில்லை. 'நான் இவ்வளவு பெரிய ஆளாயிட்டேன், என் துணிய இந்தச் சின்ன ஆத்துல வெளுக்கலாமா?' என்று சொல்லி நாலு பேரையும் வேலையை விட்டு அனுப்பிவிடுகிறான்.

"ஏன்டி, நல்லாத்தானே இருந்துச்சு வீடு குடுக்கிறது?"

"எந்த ராஜாக்கா குடுத்திருக்கான்? அடி, சும்மா."

விழா நாலு மணிக்கு. அதிகாரி ஐந்தரைக்கு வந்தார். பூச்செண்டை வாங்கி உடனே பக்கத்தில் இருந்தவர் கையில் தள்ளிவிட்டார். பெண்கள் முன்னேற வேண்டும் என்று நாற்பது நிமிஷம் பேசினார். முன்வரிசையில் இருந்த பெண்கள் எல்லோரும் உட்கார்ந்த இடத்திலேயே நெளிந்தார்கள். பரிசு கொடுத்தார், படம் எடுத்துக்கொண்டார், கைக்கடிகாரத்தைப் பார்த்தார். அவசர வேலையாம். இந்த மாதிரி ஆட்களுக்கு அவசரம் எப்போதும் நாடகத்துக்கு முன்னாடிதான் வரும். கார் வரைக்கும் வழியனுப்பப் பெரிய மேடமும், அவள் பின்னாலேயே பாதி ஆசிரியர்களும் எழுந்து போனார்கள்.

திரை விலகியபோது முன்வரிசை முழுக்கக் காலி நாற்காலி.

டைப்பிஸ்ட் பக்கத் திரைக்குப் பின்னால் முக்காலியில் உட்கார்ந்து மடியில் வசனத் தாளை விரித்திருந்தாள். வசனம் மறந்தால் எடுத்துக் கொடுப்பது அவள் வேலை. சத்தம் மிஸ் அவளுக்குப் பின்னால் நின்று, துணி வெளுக்கிறவளாக நடிக்கிற ஒருத்திக்குச் சேலையில் ஊக்குப் போட்டுக்கொண்டிருந்தாள்.

"அந்தாளு போயிட்டான்டி," என்றாள் டைப்பிஸ்ட்.

"பார்த்தேன். ஊக்கு ஒண்ணு குடு."

ஊக்கை வாங்கிக் குத்தி, "போ, போ, உன் முறை" என்று அந்தப் பிள்ளையை மேடைக்குத் தள்ளினாள். இனி ஒளிக்க முடியாது என்று டைப்பிஸ்டுக்குத் தெரிந்துவிட்டது. "நான் ஒரு துரோகம் பண்ணிட்டேன்டி. உனக்கு..."

"வெந்நி!" என்றாள் சத்தம் மிஸ்.

"என்ன?"

"அங்க பாரு, நெட்டச்சி முழிக்கிறா. எடுத்துக் குடு."

"வெந்நியிலயா போட்டே," என்று டைப்பிஸ்ட் மேடைப்பக்கம் குரல் கொடுத்தாள். "அடிப்பாவி, வெந்நியிலயா போட்டே!" என்று மேடையில் நெட்டச்சி அலறினாள். அம்மாக்கள் பக்கத்திலிருந்து சிரிப்பு வந்தது.

"உன் வேலைய எடுத்துட்டாங்கடி. ஆர்டர நான்தான் அடிச்சேன். இந்தக் கையாலதான். மூணு வாரமா..."

"தெரியும்க்கா."

டைப்பிஸ்ட் திரும்பினாள்.

"பக்கத்தப் பாரு, திரும்பாத. அடுத்தது சின்னவ வசனம், அவ கட்டாயம் மறப்பா." சத்தம் மிஸ் குனிந்து அவள் காதருகே பேசினாள். அந்தப் பெரிய குரல் இவ்வளவு சின்னதாக ஆகும் என்று டைப்பிஸ்டுக்கு அதுவரை தெரியாது. "வருஷம் தப்பா அடிச்சிருந்தியே, அந்தத் தாளு கூடைக்குத்தான் போயிருக்கு. ராஜாவா நடிக்கிறவளோட பிரதியில பதினாலாம் பக்கத்துக்குப் பின்னாடி இருந்துச்சு. தனியாக் கொண்டாந்து காட்டி, மிஸ், இது நீங்களான்னு கேட்டா. ஆமான்னேன். அப்ப நாடகம் நின்னுடுமான்னா. நிக்காதுன்னுட்டேன். சொன்னப்புறம் என்ன பண்றது?"

"என்கிட்ட ஏன்டி சொல்லல?"

"நீ மூணு வாரமா மூஞ்சிய வெச்சிருந்த லட்சணத்துக்கு, சொல்லியிருந்தா உன்னைத் தேத்தறதே ஒரு வேலையாயிருக்கும். எனக்கு அங்கி தைக்க ஆளில்ல." ஒரு மூச்சு விட்டாள். "அதுவுமில்லாம நீ சொன்னது வெளிய வந்தா உன்னையும் தூக்குவா அந்தம்மா. ஒரு வீட்டுல உலை வெச்சாப் போதும்க்கா, இன்னொரு வீட்டுல ஓரமா உக்காந்து சாப்பிட்டுக்கலாம்."

"பொய் சொல்றியாடி?"

"பாதி."

டைப்பிஸ்டின் கண்ணீர் வசனத் தாளில் சொட்டி, அடுத்த வரி மங்கியது. சின்னவள் மறந்தேவிட்டாள். டைப்பிஸ்டுக்கு அந்த வரி தாளில் தெரியவில்லை, மனசிலிருந்தும் வரவில்லை. சத்தம் மிஸ்தான் அவள் தோளுக்கு மேலாகக் குரல் கொடுத்தாள்.

நாடகம் போய்க்கொண்டே இருந்தது. வாடகை நாற்காலிக்காரர்கள் பின்பக்கத்திலிருந்து அடுக்க ஆரம்பித்துவிட்டார்கள். மைக்காரன் வயரைச் சுருட்டினான். அங்கி சுருங்கின காட்சிக்கு நிஜமாகவே சிரித்தார்கள். கைக்குழந்தையோடு நின்றுகொண்டிருந்த ஒருத்தி சிரித்த சிரிப்பில் குழந்தை விழித்து அழுதது. கடைசியில் நாலு பேரையும் ராஜா அனுப்பிவிட்டபோது யாரும் சிரிக்கவில்லை. இப்படியா முடிப்பது என்ற மாதிரி ஒருத்தரை ஒருத்தர் பார்த்தார்கள். கைதட்டல் கொஞ்சம் பிந்தி, அங்கொன்றும் இங்கொன்றுமாக வந்தது. அதற்குள் பாதிப்பேர் பஸ்ஸுக்குக் கிளம்பியிருந்தார்கள்.

மேடைக்குப் பின்னால் ராஜா, மந்திரி, காவலாளி, தண்டோராக்காரன் எல்லோரும் மீசையைத் துடைக்க வரிசையில் நின்றார்கள். பெண் பிள்ளைகள், மீசையோடு வீட்டுக்குப் போக முடியாது. சத்தம் மிஸ் பழைய துணியை எண்ணெயில் நனைத்து ஒவ்வொரு முகமாகத் துடைத்துக்கொண்டிருந்தாள். பியூன் கவரோடு வந்தான். அவள் முகத்தைப் பார்க்காமல் டைப்பிஸ்டிடம் நீட்டினான்.

"மேடம் இப்பவே கையெழுத்து வாங்கிட்டு வரச் சொன்னாங்க. ஆபீஸ் பூட்டணுமாம்."

ராஜா வேஷக்காரி மட்டும் தரையைப் பார்த்தாள். சத்தம் மிஸ் கவரைத் தானே வாங்கிப் பிரித்தாள், படிக்கவில்லை, வருஷத்தை மட்டும் பார்த்தாள். "இந்தத் தடவை சரியா அடிச்சிருக்க," என்றாள். சுவரில் வைத்துக் கையெழுத்துப் போட்டாள். மீசை மை ஒட்டின கட்டைவிரல் ஆபீஸ் பிரதியின் நடுவில் கறுப்பாகப் பதிந்தது.

"இதக் கொண்டுபோனா வேற அடிக்கச் சொல்வாங்களே," என்றான் பியூன்.

"நான் அடிக்கமாட்டேன்னு சொல்லு," என்றாள் டைப்பிஸ்ட்.

"ஏய், சும்மா இரு," என்றாள் சத்தம் மிஸ். "நாளைக்கு அடிச்சுக் குடுப்பாங்கன்னு சொல்லுப்பா. போ."

அவன் போனான். வெளியே நாற்காலிகள் ஒன்றன்மேல் ஒன்று விழுகிற சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. விளக்கை ஒவ்வொன்றாக அணைத்துக்கொண்டு வந்தார்கள். சத்தம் மிஸ்ஸின் கை அடுத்த முகத்தைப் பிடித்தது. துடைத்த இடத்தையே திரும்பத் திரும்பத் துடைத்தது. டைப்பிஸ்ட் முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு இன்னொரு துணியை எடுத்தாள். எண்ணெய்க் கிண்ணத்தில் முக்கி, வரிசையின் கடைசியில் நின்ற சின்னவளின் முகத்தை வெளிச்சத்துக்குத் திருப்பினாள். சின்னவள் கண்ணை இறுக்க மூடிக்கொண்டாள்.

துடைக்கத் துடைக்க மீசை போகவில்லை. உதட்டிலிருந்து கன்னத்துக்கும், கன்னத்திலிருந்து காது வரைக்கும் கறுப்பு பரவிக்கொண்டே போனது.